முதலிடம் பிடித்த கேமரா: அந்த அட்டவணை எதை அளந்தது?

படச்சுருள் கேமராக்கள் மீண்டும் இளையோர் தோள்களில் தொங்கத் தொடங்கிவிட்டன. கையில் திறன்பேசி இருக்கும்போது, 36 படத்துக்கு ஒரு சுருள் வாங்கி, அதைக் கழுவக் கொடுத்து, நாள்கணக்கில் காத்திருப்பதில் என்ன இன்பம் என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம். அந்த வழக்கு இங்கே வேண்டாம். வாங்கப் போகிறவர்களுக்கு இருக்கும் சிக்கல் வேறு. படச்சுருள் எஸ்.எல்.ஆர். கேமராக்களில் பெரும்பாலானவற்றின் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் 1960களுக்கும் 1990களுக்கும் இடையில் செய்யப்பட்ட பழைய கருவிகள். எதை வாங்குவது என்று தெரியாதபோது பலரும் நாடுவது, அந்தக் காலத்துப் புகைப்பட இதழ்கள் வெளியிட்ட ஒப்பீட்டுச் சோதனைகளைத்தான்.

அந்தப் பக்கங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஐந்தாறு கேமராக்கள் வரிசையாக நிற்கும் படம். கீழே பெரிய அட்டவணை. கூர்மை, ஷட்டர் துல்லியம், ஒளிமானி, வியூஃபைண்டர், கட்டமைப்பு என்று தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் புள்ளி, கடைசிக் கட்டத்தில் கூட்டுத்தொகை. 84 வாங்கியது முதலிடம், 82 வாங்கியது இரண்டாமிடம் என்று வைத்துக்கொள்வோம். அதை நம்பிச் சில நூறு வெள்ளியை எடுத்து நீட்டுகிறோம்.

நீட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். அந்த 84 எதை அளந்தது?

மாணவர்கள் பரிசோதனை அறிக்கையைக் கொண்டுவந்து நீட்டும்போது நான் முடிவை முதலில் பார்ப்பதில்லை. மாறிகளைத்தான் பார்ப்பேன். எதை மாற்றினாய், எதை அளந்தாய், எவற்றை மாறாமல் வைத்திருந்தாய்? தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று தொடக்கப்பள்ளியிலேயே படித்த அதே பாடம்தான். அந்த மூன்று கேள்விகளைக் கேமரா அட்டவணையிடம் கேட்டால் சுவாரசியமான பதில்கள் வருகின்றன.

இருட்டுப் பெட்டியும் ஒரு கண்ணாடியும்

எஸ்.எல்.ஆர். கேமரா என்பது அடிப்படையில் ஓர் இருட்டுப் பெட்டி. முன்னால் லென்ஸ். பின்னால் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்ட சட்டத்தில் படச்சுருள். இரண்டுக்கும் நடுவே 45 பாகை சாய்வில் ஒரு கண்ணாடி. லென்ஸ் வழியாக வரும் ஒளியை அது மேலே உள்ள மங்கல் திரைக்குத் திருப்புகிறது. ஐந்து பக்கமுள்ள ஒரு பட்டகம் அந்தப் பிம்பத்தை நேராக்கி நம் கண்ணுக்குத் தருகிறது. பொத்தானை அழுத்தினால் கண்ணாடி மேலே எழும்பும், ஷட்டர் திறந்து மூடும், கண்ணாடி மீண்டும் கீழே விழும். ‘டக்’ என்ற அந்த ஓசைக்காகவே இந்தக் கேமராக்களை விரும்புகிறவர்கள் உண்டு.

இதில் படத்தின் கூர்மையை உண்டாக்குவது எது? லென்ஸ். அதைப் பதிவு செய்வது எது? படச்சுருள். கேமராவின் உடல் கூர்மையைக் கூட்டித் தருவதில்லை. கெடுக்காமல் இருப்பதுதான் அதன் வேலை. படச்சுருளைத் தட்டையாகப் பிடித்திருக்க வேண்டும், லென்ஸைச் சரியான தூரத்தில் நிறுத்த வேண்டும், குலுங்காமல் இருக்க வேண்டும், சொன்ன நேரத்துக்கு ஒளியை உள்ளே விட வேண்டும். டிஜிட்டல் கேமராவில் உணரியும் உடலோடு சேர்ந்தே வருகிறது, அதனால் உடலை மாற்றினால் படமும் மாறும். படச்சுருள் கேமராவில் எந்த உடலிலும் அதே சுருளைப் போடலாம். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுத்தான் பலரும் பழைய அட்டவணைகளைப் படிக்கிறார்கள்.

ஆகவே ‘கேமரா அ எடுத்த படம் கேமரா ஆ எடுத்த படத்தைவிடக் கூர்மையானது’ என்று இதழ் எழுதினால், அது சொல்வது என்ன? ஒவ்வொரு கேமராவையும் அதனோடு வந்த 50 மி.மீ. லென்ஸைக் கொண்டு சோதித்திருப்பார்கள். உடலும் மாறியது, லென்ஸும் மாறியது. இரண்டு மாறிகளை ஒன்றாக மாற்றிவிட்டு, விளைவை ஒன்றின் பெயரில் எழுதுகிறார்கள். படிவம் 1 மாணவர் இப்படிச் செய்தால் சிவப்பு மை பாயும்.

இதழ்களுக்காகவும் கொஞ்சம் பேச வேண்டும். எல்லா உடலிலும் ஒரே லென்ஸை மாட்டிப் பார்த்திருக்கலாமே என்று சொல்வது எளிது. லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் படச்சுருளுக்கும் இடையே உள்ள தூரம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. நிக்கோனில் அது 46.5 மி.மீ., கேனனின் எஃப்டி வரிசையில் 42 மி.மீ. கேனன் லென்ஸை எப்படியோ நிக்கோன் உடலில் பொருத்திவிட்டாலும், அது 4.5 மி.மீ. முன்னால் தள்ளியே நிற்கும், தொலைவில் உள்ள எதுவும் தெளியாது. ஆனால் ஒரு குடும்பத்துக்குள் இது முடியும். 42 மி.மீ. திருகு பொருத்தி கொண்ட பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக், கிழக்கு ஜெர்மனியின் பிராக்டிகா, சோவியத் நாட்டின் செனிட் ஆகிய மூன்றிலும் ஒரே லென்ஸை மாற்றி மாற்றிச் சுழற்றிப் பொருத்தலாம். அப்படிச் சோதித்தால்தான் உடலின் பங்கு மட்டும் தனியாகத் தெரியும். முக்காலியில் வைத்து, நன்றாகக் குவியப்படுத்தி, வேகமான ஷட்டரில் எடுத்தால் மூன்று படங்களுக்கும் வேறுபாடு காண்பது கடினமாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். மலிவான செனிட்டும்கூடத்தான். விளம்பரம் கொடுப்பவர்கள் விரும்பக்கூடிய தலைப்புச் செய்தி அன்று அது.

கூர்மை என்னும் எண்

கூர்மையை அளக்க இதழ்கள் பயன்படுத்திய வழி, கோடுகள் அச்சிட்ட அட்டை. அவற்றுள் புகழ்பெற்றது அமெரிக்க விமானப்படையின் 1951ஆம் ஆண்டு அட்டை. மும்மூன்று பட்டைகளாகக் கோடுகள், ஒவ்வொரு தொகுதியும் முந்தையதைவிடப் பொடியாகிக்கொண்டே போகும். அதைப் படமெடுத்து, நெகட்டிவை நுண்ணோக்கியில் வைத்து, எந்தத் தொகுதிவரை கோடுகள் பிரிந்து தெரிகின்றன என்று ஒருவர் பார்த்துச் சொல்வார். ஒரு மில்லிமீட்டருக்கு இத்தனை கோட்டு இணைகள் என்று அது எண்ணாக மாறும்.

இந்த அட்டையில் ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 12 விழுக்காடு. ஆறு படி ஏறினால் இரு மடங்கு. அதாவது 50 என்பதற்கு அடுத்து இந்த அளவுகோலில் இருக்கும் எண் 56. நடுவில் ஒன்றும் இல்லை. கேமரா அ 56 வாங்கியது, கேமரா ஆ 50 வாங்கியது என்றால், வேறுபாடு ஒரே ஒரு படி. சென்டிமீட்டர் கோடுகள் மட்டும் போட்ட அளவுகோலால் பென்சிலை அளந்துவிட்டு, இது 1 செ.மீ. நீளம் அதிகம் என்று சொல்வதைப் போன்றது அது. மேலும் ‘கோடுகள் பிரிந்து தெரிகின்றன’ என்று முடிவு செய்வது மனிதக் கண். ஒரே நெகட்டிவை இருவரிடம் கொடுத்தால் ஒரு படி முன்பின்னாகச் சொல்வது இயல்பு.

அடுத்து, அந்த எண்ணில் லென்ஸின் பங்கு மட்டும் இல்லை. படச்சுருளின் பங்கும் கலந்திருக்கிறது. இதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: லென்ஸின் எண்ணைத் தலைகீழாக்கி, படச்சுருளின் எண்ணையும் தலைகீழாக்கி, இரண்டையும் கூட்டி, விடையை மறுபடி தலைகீழாக்கினால் படத்தில் கிடைக்கும் எண் வரும். இணைச்சுற்றில் மின்தடைகளைக் கூட்டுவது போலத்தான். ஒரு லென்ஸ் 80, இன்னொன்று 100 என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 25 விழுக்காடு. படச்சுருள் 60 என்றால், படத்தில் கிடைப்பது முறையே 34.3, 37.5. வேறுபாடு 9 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. மேலே பார்த்த அட்டையின் ஒரு படியைவிட அது குறைவு. உண்மையிலேயே வேறுபட்ட இரண்டு லென்ஸ்கள் அட்டவணையில் சமமாக நிற்கலாம். எல்லைக்கோட்டில் விழுந்தால், சிறு வேறுபாடுள்ளவை ஒரு முழுப் படி தள்ளியும் நிற்கலாம்.

படச்சுருளின் எண்ணும் ஒன்றாக நிற்பதில்லை. ஃபியூஜி நிறுவனம் தன் வெல்வியா ஸ்லைடு சுருளுக்கு இரண்டு எண்களைக் கொடுத்தது. கோட்டுக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு 1000:1 என்றால் மில்லிமீட்டருக்கு 160. அதுவே 1.6:1 என்றால் 80. கருமையான கோடும் பளீர் வெள்ளையும் உள்ள சோதனை அட்டை முதல் நிலைக்கு நெருக்கமானது. நிழலில் நிற்கும் பாட்டியின் முகச் சுருக்கங்கள் இரண்டாவது நிலைக்கு நெருக்கமானவை. நாம் எடுக்கப் போவது பாட்டியைத்தான்.

அந்த 34.3ஐயும் 37.5ஐயும் வீட்டுக்குக் கொண்டுவருவோம். வழக்கமான 4ஆர் அளவு அச்சு, நெகட்டிவைவிட ஏறத்தாழ 4.2 மடங்கு பெரியது. எண்களை 4.2ஆல் வகுத்தால் அச்சில் மில்லிமீட்டருக்கு 8.2, 8.9. புத்தகம் படிக்கும் தூரத்தில் நல்ல கண் பிரித்தறியக்கூடியது ஏறத்தாழ 6 முதல் 8 வரை. ஆக இரண்டு அச்சுகளும் கண்ணின் எல்லையைத் தாண்டியவை, வேறுபாடு தெரியாது. 8ஆர் அளவுக்குப் பெரிதாக்கினால் அவை 4.0, 4.4 ஆகும். அருகருகே வைத்து உற்றுப் பார்த்தால் ஒருவேளை தெரியலாம். அமெரிக்காவின் பாப்புலர் போட்டோகிராஃபி இதழ் இந்தச் சிக்கலை உணர்ந்து, தன் லென்ஸ் சோதனைகளில் அச்சின் அளவுவாரியாகத் தரம் கொடுக்கும் முறையைப் பின்பற்றியது. ஒரே லென்ஸ் சிறிய அச்சில் உயர்ந்த தரமும் பெரிய அச்சில் குறைந்த தரமும் பெறும். இது நேர்மையான வழி என்பேன். ‘எவ்வளவு கூர்மை?’ என்ற கேள்வியோடு ‘எவ்வளவு பெரிய படத்தில்?’ என்பதையும் அது சேர்த்துக் கேட்டது.

எந்தத் துளையில் சோதித்தார்கள் என்பதையும் பாருங்கள். எஃப்/11, எஃப்/16 என்று துளையைச் சுருக்கிவிட்டால் ஒளியின் விளிம்பு விளைவு மேலோங்கி, நல்ல லென்ஸையும் சுமாரான லென்ஸையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். உண்மையான வேறுபாடு தெரிவது துளை அகலத் திறந்திருக்கும்போது. அங்கேதான் இன்னொரு வில்லங்கமும் காத்திருக்கிறது.

முடியளவு தவறு

எஸ்.எல்.ஆர். கேமராவில் நாம் குவியப்படுத்துவது மங்கல் திரையைப் பார்த்து. படம் விழுவதோ படச்சுருளில். லென்ஸிலிருந்து கண்ணாடி வழியாகத் திரைக்கு உள்ள தூரமும், லென்ஸிலிருந்து படச்சுருளுக்கு உள்ள தூரமும் அச்சொட்டாகச் சமமாக இருக்க வேண்டும். எவ்வளவு அச்சொட்டாக? எஃப்/1.4 துளையில், 0.03 மி.மீ. மங்கல் வட்டத்தை ஏற்றுக்கொண்டால், அனுமதிக்கப்படும் பிழை முன்னும் பின்னும் 0.04 மி.மீ. அளவுதான். நம் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. கண்ணாடியைத் தாங்கும் சிறு முளை கொஞ்சம் வளைந்தாலோ, திரை சற்றுத் தூக்கி உட்கார்ந்தாலோ, வியூஃபைண்டரில் தெளிவாகத் தெரிந்தது படத்தில் மங்கிவிடும். எஃப்/8இல் அதே பிழை கண்ணில் படாது.

அட்டவணையில் ‘திறந்த துளையில் லென்ஸ் சுமார்’ என்று எழுதியிருந்தால், லென்ஸ் சுமாரா, அந்தக் குறிப்பிட்ட கேமராவின் கண்ணாடி சற்று நகர்ந்திருந்ததா, சோதித்தவரின் கண்ணாடிக்கு வயதாகிவிட்டதா என்று சொல்ல முடியாது. இதைத் தவிர்க்க வழி உண்டு. லென்ஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, அவற்றுள் சிறந்ததைக் கணக்கில் கொள்வது. இதைச் செய்தோம் என்று ஓர் இதழ் எழுதியிருந்தால் அந்த இதழுக்கு என் மதிப்பெண் கூடும். ஒரே ஒரு படம் எடுத்தோம் என்றால், அந்த வரிசையை நான் தாண்டிப் போய்விடுவேன்.

குலுக்கமும் இதே கதைதான். எழும்பும் கண்ணாடி கேமராவையே அதிர வைக்கிறது. 1/500 வினாடியில் அந்த அதிர்வு படத்தில் பதிவதற்குள் ஷட்டர் மூடிவிடும். பல வினாடி திறந்திருந்தால் அதிர்வு அடங்கிய பிறகு விழும் ஒளியே பெரும்பங்கு. இடைப்பட்ட 1/15, 1/8 வினாடிகளில்தான் அது தன் கைவரிசையைக் காட்டும். நிக்கோன் எஃப்3, ஒலிம்பஸ் ஓஎம்-1 போன்றவற்றில் கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்திவைக்கலாம். கேனன் ஏஇ-1, பென்டாக்ஸ் கே1000 ஆகியவற்றில் அந்த வசதி இல்லை. சோதனையில் அந்த வசதியைப் பயன்படுத்தினார்களா என்பதைப் பொறுத்தே முடிவு மாறும்.

மூன்று மில்லிமீட்டர் பிளவு

ஷட்டர் துல்லியம் என்ற வரிசை மட்டும் உண்மையிலேயே உடலைச் சேர்ந்தது. கருவியால் அளக்கலாம், கண்ணை நம்ப வேண்டியதில்லை. இதையாவது அப்படியே ஏற்கலாம் அல்லவா? கொஞ்சம் பொறுங்கள்.

துணியால் ஆன கிடைமட்ட ஷட்டரை எடுத்துக்கொள்வோம். இரண்டு திரைகள். முதல் திரை ஓடிப் படச்சுருளைத் திறக்கும், இரண்டாவது ஓடி மூடும். 36 மி.மீ. தூரத்தை ஒரு திரை 12 மில்லிவினாடியில் கடக்கிறது என்று கொண்டால், வேகம் ஒரு மில்லிவினாடிக்கு 3 மி.மீ. 1/1000 வினாடி என்பது ஒரு மில்லிவினாடி. அப்படியானால் அந்த வேகத்தில் ஷட்டர் முழுதாகத் திறப்பதே இல்லை. இரு திரைகளுக்கும் நடுவே 3 மி.மீ. பிளவு ஒன்று படச்சுருளின் மேல் ஓடிப்போகிறது, அவ்வளவுதான்.

அந்தப் பிளவு அரை மில்லிமீட்டர் குறைந்தால் ஒளி 17 விழுக்காடு குறையும். 1/1000 என்பது 1/1200 ஆகிவிடும். 1/500இல் பிளவு 6 மி.மீ., அதே அரை மில்லிமீட்டர் அங்கே 8 விழுக்காடு. 1/60இல் அது ஒரு பொருட்டே இல்லை. ஆக, உச்ச வேகத்தில் பிழை அதிகமாவது வடிவியலின் விளைவு. எல்லா இயந்திரக் கேமராவிலும் உச்ச வேகம்தான் பலவீனமான இடம். 1982இல் வந்த நிக்கோன் எஃப்எம்2 1/4000 வினாடி வரை போனது. அதற்காகத் திரைகளை டைட்டேனியத்தில் மிக மெல்லியதாகச் செய்து, நீளவாக்கில் ஓட விடாமல் 24 மி.மீ. உயரவாக்கில் ஓடவிட்டார்கள். தூரம் குறைந்தது, வேகம் கூடியது.

சரி, ‘கேமரா ஆவின் 1/1000 உண்மையில் 1/800’ என்று இதழ் கண்டுபிடித்துச் சொன்னால் உங்களுக்கு என்ன நட்டம்? 25 விழுக்காடு கூடுதல் ஒளி, அதாவது ஸ்டாப் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு. ஸ்லைடு சுருளில் அதை அருகருகே வைத்துப் பார்த்தால் தெரியும். வண்ண நெகட்டிவில்? அது கூடுதல் ஒளியை இரு மடங்கு, நான்கு மடங்கு என்றாலும் தாங்கிக்கொள்ளும். அச்சுக் கடையின் இயந்திரம் வெளிச்சத்தைத் தானே சரிசெய்துவிடும். நீங்கள் எடுக்கப் போவது நெகட்டிவ் என்றால், அட்டவணையில் ஷட்டருக்காக இழந்த அந்த இரண்டு புள்ளி உங்கள் ஆல்பத்தில் எங்கும் தென்படாது.

இதைவிடப் பெரிய கேள்வி, எத்தனை கேமராக்களை அளந்தார்கள் என்பது. பெரும்பாலான இதழ்ச் சோதனைகளில் ஒவ்வொரு மாதிரியிலும் ஒரே ஒரு கேமராதான். தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் ஆயிரக்கணக்கான கேமராக்கள் அச்சில் வார்த்தது போல் இருப்பதில்லை. ஒன்று 1/1000க்கு 1/950 காட்டும், அடுத்தது 1/800 காட்டும். இரண்டுமே நிறுவனம் அனுமதித்த எல்லைக்குள் இருக்கலாம். ஒரு வகுப்பிலிருந்து ஒரு மாணவரையும் பக்கத்து வகுப்பிலிருந்து ஒரு மாணவரையும் அழைத்து ஒரு தேர்வு வைத்து, எந்த வகுப்பு கெட்டிக்கார வகுப்பு என்று அறிவிப்பு ஒட்டினால் பெற்றோர் சும்மா இருப்பார்களா? கேமரா விஷயத்தில் சும்மா இருந்தோம்.

அந்த ஒன்றும் எங்கிருந்து வந்தது? கடையில் காசு கொடுத்து வாங்கியதா, நிறுவனம் அனுப்பிவைத்ததா? அனுப்பிவைக்கும் நிறுவனம் நன்றாக இயங்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் அதில் வியப்பில்லை. அமெரிக்காவில் 1936இல் தொடங்கிய நுகர்வோர் சங்கம் தன் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழுக்காகப் பொருள்களைக் கடையிலேயே விலைக்கு வாங்குகிறது, விளம்பரமும் ஏற்பதில்லை. புகைப்பட இதழ்களுக்கோ கேமரா விளம்பரமே வருவாயின் பெரும்பகுதி. இதனால் அவர்கள் பொய் சொன்னார்கள் என்று சொல்லவில்லை. வெளிப்படையாகக் குறை சொல்லும் வாக்கியங்கள் அத்தகைய இதழ்களில் ஏன் அரிது என்று நினைத்துப் பாருங்கள்.

100க்கும் 97க்கும்

வியூஃபைண்டர் வரிசையில் ஒரு வேடிக்கை உண்டு. நிக்கோன் எஃப்3 படச்சட்டத்தின் 100 விழுக்காட்டையும் காட்டும். ஒலிம்பஸ் ஓஎம்-1 97 விழுக்காடு. அட்டவணையில் நிக்கோனுக்கு முழுப் புள்ளி. ஆனால் இரண்டையும் கண்ணில் வைத்துப் பார்த்தால் ஓஎம்-1இன் காட்சிதான் பெரிதாகத் தெரியும். காரணம் உருப்பெருக்கம். 50 மி.மீ. லென்ஸோடு ஓஎம்-1 0.92 மடங்கு காட்டுகிறது, எஃப்3இன் வழக்கமான வியூஃபைண்டர் 0.8 மடங்கு. பெருக்கிப் பார்த்தால் 0.89க்கு எதிராக 0.80. கண்ணாடி அணிபவர்களுக்கோ பெரிய காட்சி தொல்லையாகவும் இருக்கும், மூலைகளைக் காணக் கண்ணை உருட்ட வேண்டும். அதில் எது சிறந்தது என்று இதழால் எப்படிச் சொல்ல முடியும்? உங்கள் மூக்கையும் கண்ணாடியையும் அவர்கள் பார்த்ததில்லையே.

100 விழுக்காடு என்பதன் பயனும் நாம் நினைக்கும் அளவு இல்லை. ஸ்லைடை மாட்டும் அட்டைச் சட்டம் ஓரங்களைச் சற்று மறைக்கும். அச்சு இயந்திரமும் ஓரங்களை வெட்டும்.

ஒளிமானி வரிசைக்கும் இதே கதி. எஃப்எம்2 நடுவட்டத்துக்கு 60 விழுக்காடும் சுற்றிலும் 40 விழுக்காடும் மதிப்பளிக்கிறது. எஃப்3 80, 20 என்று பிரிக்கிறது. ஸ்பாட்மேட்டிக் திரை முழுவதையும் சராசரி எடுக்கிறது. பளிச்சென்ற வானத்தின் கீழ் கடற்கரையில் நிற்கும் ஒருவரை மூன்றும் மூன்று விதமாக அளக்கும். அவற்றில் எதுவும் தவறாக அளக்கவில்லை. கேள்வியே வேறு வேறு. ஒரே சீரான ஒளி வீசும் வெள்ளைத் திரையைக் காட்டி அளந்தால்தான் மானி சரியா என்று தெரியும். காட்சிகளை எடுத்துப் படங்களைப் பார்த்து மதிப்பிட்டிருந்தால், அவர்கள் மதிப்பிட்டது மானியை அன்று, அந்தக் காட்சிகளை.

இனிக் கூட்டுத்தொகை. கேமரா அ: கூர்மை 9, ஒளிமானி 7, வியூஃபைண்டர் 6, கட்டமைப்பு 8. கேமரா ஆ: 7, 8, 9, 7. கூட்டினால் அ 30, ஆ 31. ஆ வென்றது. கூர்மைதான் முக்கியம், அதற்கு இரு மடங்கு மதிப்பளிப்போம் என்று ஆசிரியர் குழு முடிவெடுத்தால் அ 39, ஆ 38. அ வென்றது. கேமராக்கள் மேசையில் அசையாமல் இருக்கின்றன. அளவீடுகளும் மாறவில்லை. மாறியது ஒருவரின் விருப்பம். இப்படி ஓர் அட்டவணை கிடைத்தால் கடைசிக் கட்டத்தை ஒரு துண்டுத்தாளால் மறைத்துவிட்டு, உங்களுக்கு வேண்டிய வரிசைகளை மட்டும் படியுங்கள்.

வயது என்னும் மாறி

இவ்வளவும் புதுக் கேமராவைப் பற்றியது. நீங்கள் வாங்கப் போவது 40, 50 ஆண்டு பழையது. 1976இல் வந்த ஏஇ-1ஐ அந்த ஆண்டு சோதித்த இதழ் சொன்னது, இன்று உங்கள் கையில் இருக்கும் ஏஇ-1ஐப் பற்றி எதையும் சொல்லாது. நடுவில் பல பேரிடம் இருந்து, பல அலமாரிகளில் கிடந்து வந்திருக்கிறது அது. இன்று இரண்டு மாதிரிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிட, ஒரே மாதிரியின் இரண்டு கேமராக்களுக்கு இடையே உள்ள வேறுபாடு பெரிது.

பேட்டரியிலிருந்தே அது தொடங்குகிறது. ஓஎம்-1, மினோல்டா எஸ்ஆர்டி 101 ஆகியவற்றின் ஒளிமானிகள் 1.35 வோல்ட் தரும் பாதரச பேட்டரிக்காக அமைக்கப்பட்டவை. பாதரசம் நஞ்சு என்பதால் அந்த பேட்டரி சந்தையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியைப் போட்டால் முள் நகரும், ஆனால் தவறான இடத்தில் நிற்கும். அன்று ‘மிகத் துல்லியம்’ என்று பாராட்டப்பட்ட மானி இன்று பொய் சொல்கிறது. காது கேட்கும் கருவிகளுக்கான துத்தநாக-காற்று பேட்டரி ஏறத்தாழ 1.4 வோல்ட் தருவதால் பலர் அதைப் பொருத்திக்கொள்கிறார்கள். ஸ்பாட்மேட்டிக்கின் மானி பாலச் சுற்று முறையில் அமைந்தது. மின்னழுத்தம் சற்று மாறினாலும் அதன் அளவீடு கெடுவதில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு பயன்படப் போகும் இந்தச் சிறப்பை அன்றைய புள்ளிப் பட்டியலிலிருந்து யாரும் ஊகித்திருக்க முடியாது. கே1000க்கு இந்தக் கவலையே இல்லை, இன்றும் எளிதில் கிடைக்கும் பொத்தான் பேட்டரியே போதும்.

நம் தட்பவெப்பம் இன்னொன்று. குளிர்நாட்டு இதழ்கள் லென்ஸ் பூஞ்சையைப் பற்றிப் புள்ளி போடவில்லை. இங்கே காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது அன்றாட நிகழ்ச்சி. தோல் பையில் போட்டு அலமாரியில் வைத்த லென்ஸுக்குள் சிலந்தி வலை போல் பூஞ்சை படரும். முற்றினால் அது கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும், பிறகு துடைத்துப் பயனில்லை. அட்டவணையில் முதலிடம் பிடித்த லென்ஸ் பூஞ்சை பிடித்ததாக இருந்தால், கடைசி இடத்தில் இருந்த சுத்தமான லென்ஸ் அதைத் தோற்கடித்துவிடும்.

எனவே கடைக்குப் போகும்போது இதழின் நகலை வீட்டில் விட்டுவிட்டு ஒரு சிறு கைவிளக்கை எடுத்துச் செல்லுங்கள். லென்ஸின் துளையை அகலத் திறந்து, பின்பக்கத்திலிருந்து விளக்கை அடித்து, முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். வலை தெரிந்தால் வைத்துவிடுங்கள். பின்மூடியைத் திறந்து ஓரப் பள்ளங்களில் உள்ள கறுப்பு நுரைப்பட்டையை விரலால் தொடுங்கள். தார் போல ஒட்டினால் ஒளி கசியும், அதை மாற்றலாம், பெரிய செலவில்லை. பின்மூடி திறந்தபடியே வெளிச்சத்தை நோக்கி 1/1000இல் ஷட்டரை அழுத்துங்கள். ஒளிக்கீற்று சட்டம் முழுவதும் தெரிய வேண்டும். ஒரு பக்கம் இருட்டாக இருந்தால் அந்த 3 மி.மீ. பிளவு நடுவழியில் மூடிக்கொள்கிறது என்று பொருள். 1 வினாடியில் வைத்து அழுத்திக் காதால் கேளுங்கள். இழுத்துக்கொண்டே போனால் உள்ளே எண்ணெய் இறுகிவிட்டது. ஏஇ-1 என்றால் பொத்தானை அழுத்தும்போது கீச்சென்று ஒலி வருகிறதா என்று கவனியுங்கள். அதுவும் உலர்ந்துபோன எண்ணெயின் குரல்தான், பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால் சரியாகும்.

பிறகு ஒரு சுருள் போட்டு எடுத்துப் பாருங்கள். முடிந்தால் ஸ்லைடு. விலை கூடுதல்தான், ஆனால் ஷட்டரின் பிழையையும் மானியின் பிழையையும் நெகட்டிவ் போல் அது மூடி மறைக்காது. ஒவ்வொரு படத்துக்கும் எந்த வேகம், எந்தத் துளை என்று சிறு நோட்டில் எழுதி வையுங்கள். செங்கல் சுவர் ஒன்றை எஃப்/2இலும் எஃப்/8இலும் எடுங்கள், வேகத்தை மாற்றி ஒளியின் அளவு ஒன்றாகவே இருக்கும்படி. எஃப்/8இல் தெளிவாகவும் எஃப்/2இல் முழுக்க மங்கலாகவும் இருந்தால், லென்ஸைக் குறை சொல்வதற்குமுன் அதையே நண்பரின் உடலில் மாட்டி இன்னொரு படம் எடுத்துப் பாருங்கள். அங்கே தெளிந்தால் கோளாறு உங்கள் கேமராவின் கண்ணாடியிலோ திரையிலோ இருக்கிறது.